பறப்பு தொடங்கும் இடம் தரை

2019 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள பன்டா கோர்டா விமான நிலையத்திலிருந்து இரண்டு சைட்டேஷன் ரக வணிக ஜெட்கள் ஒரே நாளில் கிளம்பின. நடுவானில் ஒன்றில் இரண்டு என்ஜின்களும் அடுத்தடுத்து நின்றுபோயின. விமானிகள் அதைச் சறுக்கியபடியே கொண்டுவந்து சவானாவில் இறக்கினார்கள். மற்றதில் ஓர் என்ஜின் நின்றது, அது லூயிவில்லில் இறங்கியது. என்ஜின்களில் எந்தப் பழுதும் இல்லை. கோளாறு, எரிபொருள் நிரப்பிய வண்டியின் ஒரு சிறு தொட்டியில் இருந்தது. ஜெட் எரிபொருளில் எப்போதும் கொஞ்சம் நீர் கரைந்திருக்கும். உயரத்தின் குளிரில் அது பிரிந்து பனித்துகளாகி வடிகட்டியை அடைக்கும். பெரிய பயணிகள் விமானங்களில் எரிபொருளைச் சூடாக்கும் அமைப்பு இருப்பதால் கவலையில்லை. சிறிய ஜெட்கள் பலவற்றுக்கு 1,000 லிட்டருக்கு 1 முதல் 1.5 லிட்டர் வரை உறைவுத் தடுப்பு மருந்து கலந்தாக வேண்டும். நிறமற்ற திரவம் அது. அதே எரிபொருள் வண்டியின் டீசல் என்ஜினுக்கும், புகையைச் சுத்தமாக்க, நிறமற்ற இன்னொரு திரவம் தேவைப்படுகிறது. அது யூரியாவை நீரில் கரைத்த டெஃப். நம் ஊரில் பி.எஸ். 6 லாரிகளுக்கு ஊற்றுகிறார்களே, அதேதான். ஒன்றை ஊற்ற வேண்டிய தொட்டியில் மற்றதை ஊற்றிவிட்டார்கள். யூரியா எரிபொருளில் படிகமாகி வடிகட்டிகளை அடைத்துவிட்டது. 2017-இல் ஒமாஹாவிலும் 2018-இல் ஃபுளோரிடாவின் ஓபா-லாக்காவிலும் இதே தவறு நடந்திருந்தது.

பன்டா கோர்டாவில் கிளம்பும் முன் விமானிகள் எத்தனை முறை சரிபார்த்திருந்தாலும் இதைக் கண்டுபிடித்திருப்பது கடினம். எரிபொருள் அளவுமானி சரியாகவே காட்டியிருக்கும். வணிக ஜெட் விமானத்தைப் பற்றி நமக்குச் சொல்லப்படுவதெல்லாம் அதன் சுதந்திரம்தான்: நினைத்த நேரத்தில், நினைத்த ஊருக்கு. அந்தச் சுதந்திரம் முழுக்கத் தரையில் இருப்பவர்களிடம் வாங்கிய கடன் என்பது என் கருத்து. பெரிய விமான நிறுவனத்துக்கு ஒவ்வொரு ஊரிலும் சொந்த ஆட்களோ, நிலையான ஒப்பந்தமோ இருக்கும். வணிக ஜெட்டுக்கு அந்த வசதி கிடையாது. இன்று வந்து நாளை போகும் ஊரில் அதை வரவேற்று, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, மின்சாரம் கொடுத்து, எரிபொருள் நிரப்பி, கழிவறைத் தொட்டியைக் காலிசெய்து, இறக்கையில் படிந்த பனியைக் களைந்து, வண்டி கட்டி இழுத்துப் போய்க் கொட்டகையில் நிறுத்துவது அங்குள்ள ஒரு தனியார் சேவை நிறுவனம். அமெரிக்காவில் அதை எஃப்.பி.ஓ. (ஃபிக்ஸ்டு பேஸ் ஆப்பரேட்டர்) என்பார்கள். முதல் உலகப் போருக்குப் பின் ஊர் ஊராகப் போய் வயல்வெளியில் இறங்கிச் சாகசம் காட்டிய விமானிகளிலிருந்து, ஓரிடத்தில் நிலையாகக் கடைபோட்டவர்களைப் பிரித்துச் சொல்ல வந்த பெயர் அது. இவர்களுக்கும் முன்னால், வானிலை, ஓடுபாதை நீளம், இரவுத் தடை, அனுமதி, விமானிகளின் பணிநேரம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரு பயணத் திட்டம் போடுபவர் இருக்கிறார். விமானி வானில் எடுக்கும் முடிவு, இந்த இரு தரப்பும் கையில் கொடுத்ததை வைத்துத்தான் அமைகிறது.

இதற்கு நான் காட்டும் பெரிய சாட்சி கொலராடோ மலைகளில் இருக்கும் ஆஸ்பென். பணக்காரர்கள் பனிச்சறுக்குக்குப் போகும் ஊர். விமான நிலையம் கடல் மட்டத்துக்குச் சுமார் 2,380 மீட்டர் மேலே, மலைகள் நெருக்கிய பள்ளத்தாக்கில் இருக்கிறது. காற்று மெலிதாக இருப்பதால் என்ஜினுக்கும் இறக்கைக்கும் பலம் குறையும், கிளம்ப அதிக ஓட்டம் வேண்டும். ஒரு முனையில் மலை எழுந்து நிற்பதால் பெரும்பாலும் ஒரே திசையிலிருந்து வந்து இறங்கி, வந்த வழியே திரும்பிக் கிளம்ப வேண்டும். 2001 மார்ச் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸிலிருந்து 15 பயணிகளோடு ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் 3 ஆஸ்பெனுக்குக் கிளம்பியது. கிளம்பும்போதே 41 நிமிடத் தாமதம். அதிக இரைச்சல் எழுப்பும் அந்த ரகம், சூரியன் மறைந்து அரை மணிக்குள், அதாவது மாலை 6.58-க்குள், அங்கே இறங்கியாக வேண்டும். இரவில் அங்கே வட்டமிட்டு இறங்கக் கூடாது என்ற அறிவிப்பு இரண்டே நாளுக்கு முன் வந்திருந்தது. ஆனால் அதன் வாசகம் தெளிவாக இல்லை, ஆஸ்பென் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு அது போய்ச் சேரவும் இல்லை. வானில் பனிமேகம். முன்னால் போன விமானம் இறங்க முடியாமல் மேலேறித் திரும்பியது விமானிகளுக்குத் தெரியும். ரைஃபிள் என்ற பக்கத்து ஊருக்குப் போகலாமா என்ற பேச்சும் எழுந்தது. விமானத்தை அமர்த்தியவர் இரவு விருந்துக்குப் பெரும் பணம் செலவிட்டிருப்பதால் ஆஸ்பெனில் இறங்குவது முக்கியம் என்று தலைமை விமானி சொன்னது பதிவாகியிருக்கிறது. 7 மணி 2 நிமிடத்துக்கு, ஓடுபாதை தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் விமானம் சரிவில் மோதியதில், 3 பணியாளர்கள் உட்பட 18 பேரும் இறந்தார்கள்.

ஓடுபாதை கண்ணில் படாமலே, குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இறக்கியதுதான் காரணம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு சொன்னது. அது விமானியின் பிழை, மறுப்பதற்கில்லை. சட்டப்படி இறுதிப் பொறுப்பு தலைமை விமானியுடையது, அப்படியிருக்கத் தரையைக் குறை சொல்வது அவரைத் தப்பவிடுவதாகாதா என்று கேட்கலாம். அதே வாரியம்தான் துணைக் காரணங்களில் அறிவிப்பின் குழப்பமான வாசகத்தையும், கோபுரத்துக்குச் சொல்லாமல் விட்டதையும், வாடிக்கையாளரும் தாமதமும் தந்த நெருக்கடியையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. பொறுப்பு ஒருவருடையது என்பதும், அந்த ஒருவர் எடுக்கும் முடிவு நூறு பேர் கைபட்டு உருவாகிறது என்பதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. 6.58 என்ற கெடு அன்று மாலை வானில் முளைக்கவில்லை. சூரியன் மறையும் நேரம் காலையிலேயே தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கை அன்று வாடிக்கையாளருக்கு முன் வைத்து, இத்தனை மணிக்கு மேல் கிளம்பினால் ஆஸ்பென் இல்லை என்று சொல்வது திட்டம் போடுபவரின் வேலை.

இன்று மென்பொருள் இதையெல்லாம் செய்துவிடுகிறது என்பது அடுத்த மறுப்பு. வானிலை, எடை, எரிபொருள், மாற்று விமான நிலையம் எல்லாம் கைத்திரையில் வந்துவிடுகின்றன என்பது உண்மை, அது பெரிய நன்மைதான். ஆனால் பன்டா கோர்டாவின் தொட்டிக்குள் என்ன இருந்தது என்று எந்தத் திரைக்கும் தெரியாது. மாற்று விமான நிலையத்தின் பெயரைத் திரை காட்டும், வாடிக்கையாளரிடம் அதை ஏற்கும் மனதை உண்டாக்காது. திட்டத்தாளில் மாற்று நிலையம் என்று எழுதப்பட்டிருப்பதும், அங்கே உண்மையிலேயே ஏற்பாடு இருப்பதும் வேறு வேறு. எரிபொருளும் நிறுத்த இடமும் அங்கே பேசி வைக்காவிட்டால், விமானி கடைசி நிமிடத்தில் அதைத் தோல்வியாகவே பார்ப்பார்.

இதெல்லாம் பணக்காரர்களின் சொகுசு, அதைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தானமாகக் கிடைத்த உறுப்பை நேரத்துக்குள் கொண்டுசேர்க்கும் விமானமும், நோயாளியை ஊர் மாற்றும் ஆம்புலன்ஸ் ஜெட்டும் இதே தளத்தில், இதே எரிபொருள் வண்டியிடமே நிரப்பிக்கொள்கின்றன. அவற்றுக்கு மேலே நிற்கும் கெடு விருந்தைவிடக் கடுமையானது, அதை மறுத்துத் திரும்பும் மன உறுதி விமானிக்கு இன்னும் அதிகமாகத் தேவைப்படும். ஆஸ்பெனில் அன்று இல்லாமல் போனது பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. ரைஃபிளிலிருந்து ஆஸ்பெனுக்குச் சாலையில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ரைஃபிளில் முன்கூட்டியே இரண்டு வேன்கள் பேசி நிறுத்தியிருந்து, கிளம்பும்போதே பயணிகளிடம் அதைச் சொல்லியும் இருந்தால், ரைஃபிள் என்ற பேச்சு விமானி அறையில் வேறுவிதமாக எழுந்திருக்கும்.