உயரம் வகுக்கும் காலநிலை

சித்திரை மாதத்தில் திருவனந்தபுரம் வெயிலிலும் புழுக்கத்திலும் வாடுகின்றது. அந்நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பொன்முடியிலோ அதே நாளில் குளிர்காற்று வீசுகின்றது. இரண்டு இடங்களும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய சம தொலைவில் உள்ளவை. இரண்டின்மீதும் காய்வது ஒரே கதிரவனே. அவற்றின் காலநிலை வேறுபடுவதற்கு முதன்மையான காரணம் உயரமாகும்.

மலையுச்சி கதிரவனுக்குச் சற்று அருகில் இருப்பதால் அங்கே வெப்பம் மிக வேண்டுமன்றோ என்னும் ஐயம் எழலாம். கதிரவன் முதலில் நிலத்தையே சூடாக்குகின்றது. அந்நிலத்தின் சூட்டினாலேயே காற்று வெப்பமடைகின்றது. சூடேறிய காற்று மேலெழும்போது, உயரே அழுத்தம் குறைவாதலால் விரிகின்றது, விரியும்போது குளிர்கின்றது. இதனால் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகின்றது. கடற்கரையில் 30 பாகை இருக்குமாயின், சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள பொன்முடியில் 23 பாகையும், 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலை உச்சியில் 18 பாகையும் இருக்குமென நாம் கணக்கிடலாம்.

இம்மலையின் தட்பவெப்பத்தை அளந்தறியும் முயற்சி பழமையானது. சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில், 1837-ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் நிறுவப்பெற்றது. பின்னர் அதன் இயக்குநராக விளங்கிய ஜான் ஆலன் புரூன், 1855-ஆம் ஆண்டு அகத்தியமலை உச்சியிலும் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார்.

மழையையும் மலையே பங்கிடுகின்றது. சூன் மாதத் தொடக்கத்தில் அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையால் தடுக்கப்பட்டு மேலேறுகின்றது. குளிர்ந்து, மேகமாகி, மேற்குச் சரிவில் பெருமழையாகப் பொழிகின்றது. மலையைக் கடந்து கிழக்கே இறங்கும் காற்று மீண்டும் சூடேறி வறண்டுவிடுகின்றது. ஆகவேதான் அம்மாதங்களில் திருநெல்வேலிச் சமவெளி மழைமறைவில் கிடக்கின்றது. எனினும் பொதிகை எனப்படும் இதே மலைத்தொடரில் பிறக்கும் தாமிரபரணி, மேலே பெய்த மழையை அச்சமவெளிக்குக் கொண்டுசேர்க்கின்றது. மேற்கே பாயும் கரமனையாறு திருவனந்தபுரத்தின் தாகம் தீர்க்கின்றது.

பயிர்களும் இவ்வுயர வரிசையிலேயே அமைந்துள்ளன. கடலோரத்தில் தென்னை, இடைநிலத்தில் ரப்பர், மலைச்சரிவில் தேயிலை, அதற்கும் மேலே சோலைக்காடுகள் என ஒன்றன்மேல் ஒன்றாக அவை நிற்கின்றன.

இந்த ஒழுங்கு நிலையானதென்று நாம் எண்ணிவிடலாகாது. உலக வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால், முன்பிருந்த அதே குளிர்ச்சியைப் பெறச் சுமார் 150 மீட்டர் மேலே செல்லவேண்டும். கீழ்ச்சரிவிலுள்ள செடிகொடிகள் தலைமுறை தலைமுறையாக மேல்நோக்கிப் பரவக்கூடும். உச்சிப்பகுதியில் வாழ்பவற்றுக்கோ ஏறிச்செல்ல இடமில்லை. அகத்தியமலைப் பகுதியில் மட்டுமே இயற்கையாக வளரும் ‘பாபியோபெடிலம் ட்ரூரியை’ என்னும் ஆர்க்கிட் மலர்ச்செடி முன்னரே அழிவின் விளிம்பில் நிற்கின்றது.

2016-ஆம் ஆண்டு யுனெஸ்கோ அமைப்பு அகத்தியமலையை உலக உயிர்க்கோளக் காப்பக வலையமைப்பில் சேர்த்தது. அங்குள்ள காடுகள் மழைநீரை மண்ணில் தேக்கி, சிறுகச் சிறுக ஆறுகளுக்கு வழங்குகின்றன. மலையின் உயரத்தை மாற்ற எவராலும் இயலாது. அதன்மேல் நிற்கும் காட்டைக் காப்பதோ நம் கையில் உள்ளது. மலையின் இருபுறமும் வாழும் மக்களின் குடிநீரும் வேளாண்மையும் அக்காட்டின் நலத்தைச் சார்ந்தே நிற்கின்றன.