பிறந்த இடம் பூந்தமல்லி, சொந்த ஊர் ஸ்காட்லாந்து: பழைய சர்ச் பதிவேட்டில் மூதாதையரைத் தேடுவது எப்படி?

கரையான்சாவடி என்றதும் இன்றைக்கு ஞாபகம் வருவது டிராஃபிக், ஆவடி ரோடு திருப்பம், தலைக்கு மேலே மெட்ரோ தூண்கள். ஆனால், ஸ்காட்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் உட்கார்ந்து குடும்ப வரலாறு தேடும் பலருக்குப் பக்கத்தில் இருக்கும் பூந்தமல்லி வேறு விதத்தில் பரிச்சயம். ‘ஞானஸ்நானம்: பூந்தமல்லி’, ‘அடக்கம்: பூந்தமல்லி’ என்று 19ஆம் நூற்றாண்டுப் பதிவேடுகளில் அவர்கள் படித்திருப்பார்கள்.

இதே தேடலை இங்கிருந்தும் செய்யலாம். சென்னையில் வாழும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் சிலவற்றில் மெக், மேக் என்று தொடங்கும் பெயர்கள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்தால் விசா கிடைக்குமா? பதிவேட்டில் யாருடைய பெயர் இருக்காது? பார்க்கலாம்.

பூந்தமல்லிக்கும் ஸ்காட்லாந்துக்கும் என்ன சம்பந்தம்?

பிரிட்டிஷ் காலத்தில் பூந்தமல்லி ஒரு கண்டோன்மென்ட். ஐரோப்பிய சிப்பாய்களுக்கான டிப்போ இங்கே இருந்தது. உடம்பு சரியில்லாத வீரர்கள் தேறுவதற்கும் இங்கே அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஆங்கிலேயர், ஐரிஷ்காரர், ஸ்காட்லாந்துக்காரர் எல்லோரும் உண்டு. மெட்ராஸ் ராணுவத்திலும் நிர்வாகத்திலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறைய. அண்ணா சாலையில் குதிரை மேல் சிலையாக இருக்கும் கவர்னர் தாமஸ் மன்றோ 1761-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் காலின் மெக்கன்சி, ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுக்காரர்.

எழும்பூரில் இருக்கும் புனித ஆண்ட்ரூஸ் கிர்க், மெட்ராஸின் ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகவே கட்டப்பட்டது. திறக்கப்பட்ட ஆண்டு 1821. ‘கிர்க்’ என்றால் ஸ்காட்லாந்து வழக்கில் சர்ச். அது நிற்பதும் பூந்தமல்லி நெடுஞ்சாலையில்தான்.

சரி, எங்கே ஆரம்பிப்பது?

வீட்டில்தான். இணையத்தில் குடும்பப் பெயரைப் போட்டுத் தேடினால் ஆயிரம் மெக்டொனால்டு வருவார்கள். அதில் உங்கள் மெக்டொனால்டு யார் என்று தெரியாது. அதனால் இன்றிலிருந்து பின்னோக்கி, ஒரு தலைமுறை ஒரு படி என்று போக வேண்டும். பெற்றோரின் திருமணச் சான்று, தாத்தாவின் ஞானஸ்நானச் சான்று, ரயில்வேயிலோ தபால் தந்தித் துறையிலோ வேலை பார்த்தவர் என்றால் பென்ஷன் காகிதம், கல்லறைக் கல்லில் இருக்கும் தேதி. இவற்றில் பெயர், தேதி, இடம் மூன்றும் கிடைத்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

மெட்ராஸ் பதிவேடுகள் லண்டனில் எப்படி?

மெட்ராஸ் மாகாணத்துச் சர்ச்சுகளில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பிரதிகள் லண்டனுக்கு அனுப்பி வைக்கப்பட்டன. அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. மெட்ராஸுக்கான வரிசைக் குறியீடு ‘என்/2’. இவற்றில் பெரும்பகுதி ஸ்கேன் செய்யப்பட்டு ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற கட்டணத் தளத்தில் கிடைக்கிறது. ‘ஃபிபிஸ்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான சங்கத்தின் தளத்தில் இலவசமாகவே பெயர் தேடலாம்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஸ்காட்லாந்துக்காரர் என்பதால் கிர்க் பதிவேட்டில் மட்டும் தேடக் கூடாது. கிர்க் வருவதற்கு முன்பு அவர்களில் பலர் ஆங்கிலிகன் சர்ச்சில்தான் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். 1680-ல் பிரதிஷ்டை செய்யப்பட்ட கோட்டை புனித மேரி தேவாலயப் பதிவேடு உட்பட எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

கடல் தாண்டுவது எப்படி?

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. மெட்ராஸ் ஞானஸ்நானப் பதிவில் அப்பாவின் பெயர், ரேங்க், ரெஜிமென்ட் இருக்கும். அவர் ஸ்காட்லாந்தில் எந்த ஊர் என்பது பெரும்பாலும் இருக்காது. ஊர் தெரியாமல் ஸ்காட்லாந்துப் பதிவேட்டைத் திறப்பது, மாவட்டம்கூடத் தெரியாமல் தமிழ்நாட்டில் ஒரு முருகனைத் தேடுவது மாதிரி.

இந்த இடைவெளியை நிரப்புவது ராணுவக் காகிதம். பென்ஷன் பெற்ற சிப்பாய்களின் பணி ஆவணங்கள் லண்டன் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘டபிள்யூஓ 97’ என்ற வரிசையில் இருக்கின்றன. அதில் அந்தச் சிப்பாய் பிறந்த பாரிஷ், பக்கத்து ஊர், கவுண்டி மூன்றும் எழுதியிருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனியின் சொந்த ராணுவத்தில் இருந்தவர் என்றால் தேட வேண்டியது இந்தியா ஆபீஸ் ராணுவ ஆவணங்களில். அதனால்தான் ரெஜிமென்ட் பெயர் முக்கியம். அதைத் தவறவிட்டால் தேடல் அங்கேயே நின்றுவிடும்.

ஸ்காட்லாந்துப் பதிவேட்டில் என்ன கிடைக்கும்?

ஸ்காட்லாந்தில் அரசு பிறப்பு, இறப்புப் பதிவு தொடங்கியது 1855 ஜனவரி 1-ல். அதற்கு முன்பு வேலையைச் செய்தது சர்ச். 900-க்கும் மேற்பட்ட பாரிஷ்களில் பாதிரியாரோ, கிர்க்கின் எழுத்தரோ எழுதி வைத்தவைதான் ‘பழைய பாரிஷ் பதிவேடுகள்’. இருப்பதிலேயே பழையது பெர்த்ஷயரின் எரல் பாரிஷில், 1553-ல் தொடங்குகிறது. எல்லாம் ‘ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்’ என்ற அரசுத் தளத்தில் இருக்கின்றன. தேடுவது இலவசம், பக்கத்தின் படத்தைப் பார்க்கக் கட்டணம்.

ஒரு நல்ல விஷயம்: ஸ்காட்லாந்து வழக்கப்படி பெண்களின் பிறந்த வீட்டுப் பெயர் பதிவில் தொடரும். அதனால் அம்மா வழியையும் தேடிப் போக முடியும். பெயர் வைக்கும் வழக்கமும் கைகொடுக்கும். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர். நம்மூரில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது போலத்தான். இது ஒரு துப்பு மட்டுமே, ஆதாரம் ஆகாது.

பதிவே இல்லை என்றால்?

அப்படி ஓர் ஆளே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காரணங்கள் நிறைய. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி இருந்தது. ஏழைகள் பலர் பதிவு செய்யாமலே விட்டார்கள். 1843-ல் ஸ்காட்லாந்துத் திருச்சபை உடைந்து ஃப்ரீ சர்ச் பிரிந்தது. பிரிந்து போனவர்களின் குழந்தைகள் பழைய பாரிஷ் பதிவேட்டில் இல்லாமல் போயிருக்கலாம். எழுத்துப் பிழைகள் வேறு. ஒரே குடும்பம் ஒரு பக்கத்தில் ‘மெக்கே’, இன்னொரு பக்கத்தில் ‘மக்காய்’ என்று இருக்கும்.

கண்டுபிடித்தால் விசா கிடைக்குமா?

நிறைய பேர் கேட்கும் கேள்வி. பிரிட்டனில் ‘ஆன்செஸ்ட்ரி விசா’ என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. இந்தியர்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால் விண்ணப்பிக்கலாம். 17 வயது ஆகியிருக்க வேண்டும், அங்கே வேலை செய்யும் திட்டம் இருக்க வேண்டும். ஆனால் முக்கிய நிபந்தனை, தாத்தா பாட்டிகளில் ஒருவராவது பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும். கொள்ளுத்தாத்தா பிறந்திருந்தால் போதாது. பூந்தமல்லி டிப்போவுக்கு 1840-ல் வந்த சிப்பாயின் வாரிசுக்கு இந்த வழி திறக்காது. ‘பழைய சர்ட்டிஃபிகேட் எடுத்துத் தர்றோம், விசா கன்ஃபார்ம்’ என்று யாராவது பணம் கேட்டால் முதலில் தலைமுறையை எண்ணிப் பாருங்கள்.

பதிவேட்டில் இல்லாத அம்மாக்கள்

இந்தத் தேடலில் மனதை உறுத்தும் பகுதி இதுதான். ஸ்காட்லாந்துப் பதிவேட்டில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் வரை கிடைக்கும். அதே குடும்பம் மெட்ராஸ் வந்ததும் அம்மாவின் பெயர் பல பதிவுகளில் காணாமல் போகிறது. சிப்பாயோடு வாழ்ந்தவர் உள்ளூர்ப் பெண் என்றால் ‘நேட்டிவ் பெண்’ என்று ஒரு வார்த்தை இருக்கும், அல்லது ‘மேரி’ என்று ஞானஸ்நானப் பெயர் மட்டும் இருக்கும். அவர் எந்த ஊர், யாருடைய மகள், முன்பு என்ன பெயர் என்று எதுவும் இருக்காது.

சட்டமும் அப்பா வழியைத்தான் பார்த்தது. அரசமைப்புச் சட்டத்தின் 366(2) பிரிவு, ஆங்கிலோ இந்தியர் என்பதற்கு ஆண் வழி ஐரோப்பிய மூதாதையைத்தான் அளவுகோலாக வைக்கிறது. அதனால் கிளாஸ்கோவில் இருந்து வந்த கொள்ளுத்தாத்தாவின் தாத்தாவுக்கு ஏழு காகிதம் கிடைக்கும். பூந்தமல்லியிலோ பரங்கிமலையிலோ பிறந்த அவர் மனைவிக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம்.

முழுத் தீர்வு இல்லை, ஆனால் சில வழிகள் உண்டு. ஒரே தம்பதியின் எல்லாக் குழந்தைகளின் ஞானஸ்நானப் பதிவுகளையும் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் விட்ட பெயர் இன்னொன்றில் இருக்கலாம். ஞானப்பெற்றோர், திருமணச் சாட்சிகளின் பெயர்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். சிப்பாயின் உயிலில் மனைவிக்கோ குழந்தைகளின் தாய்க்கோ பணம் எழுதி வைத்திருக்கலாம். மகள், அவள் மகள் என்று பெண் வழியே வந்த வாரிசு யாராவது இருந்தால், தாய்வழி டிஎன்ஏ சோதனை அந்த முதல் பெண்ணின் வேர் பற்றி ஓரளவு சொல்லும்.

இதையெல்லாம் விட அவசரமான ஒன்று வீட்டுப் பெரியவர்களின் ஞாபகம். லண்டனில் இருக்கும் பதிவேடு அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும். பாட்டியின் பாட்டியை வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது அந்தப் பாட்டிக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த ஞாயிறு அவரைப் பார்க்கப் போகும்போது போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டு, முதலில் அதைக் கேளுங்கள்.