கரண்ட் இல்லாத கரைக்குத் திரும்பிப் போனவர்கள்

போன ஆனி மாதம், வேலையிடத்தில் என்னோடு நிற்கிற பிரெஞ்சுப் பிள்ளை ஒருத்தி தன்னுடைய விடுமுறைப் படங்களைக் காட்டினாள். பிரெத்தாஞ் பக்கம், கடலுக்குக் கிட்ட ஒரு தோட்டக்காரரின் காணி. பத்துப் பன்னிரண்டு வான்கள் நிற்கின்றன. கூரைகளில் சோலார், மழைத்தண்ணிக்குப் பீப்பா, மரத்தூள் போடுகிற கக்கூஸ், பின்னேரம் எல்லோரும் சேர்ந்து ஒரே சட்டியில் சமையல். பிரான்சில் கடற்கரையில் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்கச் சட்டம் விடாது. அதனால் காணிக்காரருக்கு இரவுக்கு இவ்வளவு என்று கட்டித்தான் தங்கினார்களாம். "ரெண்டு கிழமை கரண்ட் இல்லை, இன்டர்நெட் இல்லை. மனுசர் மாதிரி இருந்தம்" என்றாள்.

அன்றைக்குப் பின்னேரம் கார் து நோரில் இறங்கி, மரக்கறி வாங்க லாச்சப்பலுக்குப் போனேன். அங்கே ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் என் கணவரின் சித்தி மகன் வேலை செய்கிறான். கடைக்குப் பின்பக்கம் நின்று தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். சிரித்தான். "அண்ணி, அம்மா இருக்கிறதும் அப்பிடித்தானே. சோலார், வாளித் தண்ணி, விறகு. அவ காசு கட்டேல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்." கொஞ்சம் பொறுத்து, "காசு கட்டேல்லை எண்டும் சொல்லேலாது" என்றான்.

அவனுடைய அம்மா, எங்கள் சித்தி, இருப்பது இரணைதீவில்.

பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிளிநொச்சி மாவட்டம், பூநகரிப் பிரிவு. பெரியதீவு, சின்னத்தீவு என்று இரண்டு தீவுகள் சோடியாகக் கிடப்பதால்தான் இரணை என்ற பெயர். கடல்தொழிலை நம்பிய கத்தோலிக்கச் சனம். 1992இல் போர் அவர்களைத் தீவை விட்டுக் கிளப்பியது. எதிர்க்கரையில், முழங்காவில் பக்கம் குடியேறினார்கள். அந்த இடத்துக்கு இரணைமாதாநகர் என்று பெயர். கடைசிச் சண்டையில் அங்கிருந்தும் ஓடி, வன்னி முழுக்க அலைந்து, முகாம்களில் இருந்து, திரும்பி வந்தபோதும் இரணைமாதாநகர் வரைதான் வர முடிந்தது. தீவில் கடற்படை இருந்தது. சொந்த வீட்டுக் கிணறு கடலுக்கு அந்தப் பக்கம், ஆட்கள் இந்தப் பக்கம்.

2017 மே 1ஆம் திகதி இரணைமாதாநகரில் கொட்டில் போட்டுப் போராட்டம் தொடங்கினார்கள். முன்னுக்கு இருந்தவர்களில் அநேகம் பேர் பெண்கள். ஒரு வருடத்துக்குக் கிட்ட ஆகியும் பதில் வரவில்லை. 2018 ஏப்ரல் 23 அன்று படகுகளில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு தாங்களே புறப்பட்டார்கள். கரையில் இறங்கி நேரே மாதா கோயிலுக்குப் போய்ச் செபம் சொன்னார்கள். பிறகு அங்கேயே தங்கிவிட்டார்கள். அடுத்த மாதம் அரசாங்க அதிகாரிகள் தீவுக்கு வந்து, இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். சித்தியும் அந்தப் படகுகளில் ஒன்றில் போனவதான். "கொடி பிடிக்கக் கை காணாது, ஒரு கையாலை செபமாலையையும் பிடிச்சிருந்தனான்" என்று இப்பவும் சொல்லுவா.

ஆவணியில் நாங்கள் பிள்ளைகளோடு போனோம். எனக்கே அதுதான் முதல்தரம். சோளகக் காற்று ஓயாத மாதம் என்பதால் கடல் சும்மா இருக்கவில்லை. இரணைமாதாநகர்க் கரையிலிருந்து பைபர் போட்டில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். மகள் சத்தி எடுத்தாள். மகன் அரைவாசித் தூரத்தில், தொலைபேசியில் சிக்னல் போய்விட்டதென்று முறைப்பாடு சொன்னான். போட்டில் எங்களோடு வந்தவை: ஐஸ் பெட்டி, இரண்டு கான் மண்ணெண்ணெய், அரிசி மூட்டை, ஒரு கட்டு வலை, ஒரு சோடி கோழி.

சித்தியின் வீடு என்றால் பழைய வீட்டுச் சுவர் மூன்று, அதுக்கு மேல் தகரம், முன்னுக்குக் கிடுகால் இறக்கின பத்தி. ஆம்பிளைகள் கரையோரம் வாடி போட்டுத் தங்குகிறார்கள். எங்கள் கடலோரத்தில் வாடி என்பது புது விஷயமில்லை. காற்று மாற மாற மீன் இருக்கிற பக்கம் போய், கம்பு நட்டு ஓலை போட்டு, நாலைந்து மாதம் இருந்து தொழில் செய்து, திரும்பி வருகிற வழக்கம் பாட்டன் காலத்திலிருந்தே உண்டு. வாடையில் ஒரு கரை, சோளகத்தில் இன்னொரு கரை. பிரெத்தாஞ் வான்காரர் கண்டுபிடித்ததாக நினைக்கிற வாழ்க்கை எங்கட ஆக்களுக்குத் தொழிலின் ஒரு பகுதி.

இரவு இரண்டு பல்ப். அவ்வளவுதான் சோலாருக்கு முடியும். தகடு மகன் பாரிசிலிருந்து அனுப்பின காசில் வாங்கியது. பகலில் அதில் முதலில் ஏறுவது டோர்ச்லைட், பிறகு சித்தியின் போன், பிறகு பக்கத்து வீட்டாரின் போன். பேன் கிடையாது, தேவையும் இல்லை, காற்று ஆளைத் தூக்குகிறது. பிரிட்ஜ் இல்லாததுதான் பெரிய பிரச்சினை. அது வீட்டுக்கு இல்லை, தொழிலுக்கு. நண்டு பிடிக்கிறவனுக்கு ஐஸ் இல்லாவிட்டால் பிடித்த பாடு பாதி விலைக்குத்தான் போகும். ஐஸ் வருவது எதிர்க்கரையிலிருந்து. வந்த நேரத்திலிருந்து உருகத் தொடங்கும். அதனால் அங்கே நேரத்தை மணிக்கூடு சொல்வதில்லை, ஐஸ் பெட்டிதான் சொல்கிறது.

பின்னேரம் வலையைப் படுத்துவிட்டு வருவார்கள். விடியப்புறம் போய் இழுப்பார்கள். வலை கரைக்கு வந்ததும் வீட்டிலுள்ள எல்லோரும் குந்தியிருந்து நண்டு கழட்ட வேண்டும். கால் முறியாமல் கழட்டினால்தான் விலை. என் மகன் முதல் நண்டிலேயே கடி வாங்கினான், அதுக்குப் பிறகு போனைக் கேட்கவில்லை. பார்களில் கிழிந்தது, இழுவைப்படகு அறுத்தது என்று வலை திருத்துகிற வேலை மிச்ச நாள் முழுக்க. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. ஆனால் எதிர்க்கரைத் தமிழ்நாட்டு றோலர்கள் இரவில் வந்துபோகிற சத்தம் தீவுச் சனத்துக்கு நல்ல பழக்கம். இதை எழுதக் கை கூசுகிறது, அவர்களும் எங்கட மொழிக்காரர்தான். ஆனால் வலை அறுந்தவளின் முகத்தைப் பார்த்த பிறகு எழுதாமல் விடவும் முடியவில்லை.

பெண்கள் தங்கள் பாட்டுக்கும் தொழில் செய்கிறார்கள். கடல் வற்றின நேரம் இடுப்பளவு தண்ணியில் நடந்து அட்டை, சிப்பி, நண்டு பொறுக்குவார்கள். சித்திக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. காலால் தடவியே கீழே கிடப்பது என்னவென்று சொல்லுவா. "கண்ணாலை பாக்கிறது வெளியூர்க்காரர்" என்று என் மகளைப் பகிடி பண்ணினா.

தண்ணிதான் பிள்ளைகளுக்குப் பாடமாகிப் போனது. இப்படியான மணல் தீவுகளில் நிலத்துக்குக் கீழே கிடப்பது மழைத்தண்ணி. பாரமான உப்புத்தண்ணிக்கு மேலே அது ஒரு மெல்லிய படையாக மிதக்கும். கார்த்திகை, மார்கழி மழை அதை நிரப்பும். அடுத்த மழை வரைக்கும் அளந்து அள்ள வேண்டும். பேராசைப்பட்டு மோட்டர் போட்டு இழுத்தால் கீழே கிடக்கிற உப்பு மேலே வரும், பிறகு கிணறு சரிவர நாளாகும். ஆவணியில் தண்ணி அடியில் கிடந்தது. ஆளுக்கு ஒரு வாளி, அதுவும் குளிக்க. மகள் இங்கே வீட்டில் இருபது நிமிடம் ஷவருக்குள் நிற்கிறவள். மூன்றாம் நாள் அரை வாளியில் குளித்துவிட்டு மிச்சத்தைச் சித்தியின் முருங்கைக்கு ஊற்றினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் அடுத்த நாள் செய்யமாட்டாள்.

கடலுக்கு அந்தப் பக்கம், தனுஷ்கோடியிலும் இதே வாழ்க்கைதான். 1964 டிசம்பர்ப் புயல் ஊரையும் ரயிலையும் விழுங்கின பிறகு, மனிதர் வாழ ஏற்ற இடமில்லை என்று அரசு சொன்னது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்து, மணலைக் கையால் தோண்டி நல்ல தண்ணி எடுத்து, கரண்ட் இல்லாமல் இருந்தார்கள். 2017இல் அரிச்சல்முனை வரை ரோடு வந்தது. இப்போது சுற்றுலாக்காரர் அந்த ஊற்றைப் படம் எடுக்கிறார்கள்.

இதையெல்லாம் எழுதும்போது ஏதோ அழகான கதை மாதிரி வந்துவிடுகிறது. அப்படி இல்லை. இரண்டாம் நாள் இரவு பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல். தகப்பன் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். காற்று தணிந்தால் முழங்காவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம், தணியாவிட்டால் விடியட்டும். நல்லகாலம் பனடோலுக்குக் காய்ச்சல் இறங்கியது. தாய் விடியும்வரை விளக்கை அணைக்கவில்லை. அடுத்த நாள் பின்னேரம் அந்த வீட்டில் பல்ப் எரியவில்லை, பற்றரி இறங்கிவிட்டது.

2022 நெருக்கடியை அவர்கள் இன்னும் கதைக்கிறார்கள். அந்த ஆவணியில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே நாளில் ஏறியது. எங்களுக்கு அது செய்தி. அவர்களுக்குப் போட் எஞ்சின், ஐஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அந்த ஒரு லீட்டருக்குள் இருந்தது. அதுக்கு முதல் வருடம், 2021 மார்ச்சில், கொரோனாவில் இறந்தவர்களை இரணைதீவில் புதைப்பதென்று அரசு தீர்மானித்தது. தங்கள் சொந்தங்களை எரிக்கவேண்டாம், புதைக்க விடுங்கள் என்று மாதக்கணக்காகக் கேட்ட முஸ்லிம் சனத்துக்கு, கடல் தாண்டி யாரும் போய்ப் பார்க்க முடியாத இடத்தைக் காட்டினார்கள். இரு பக்கமும் எதிர்ப்பு வந்தது. பிறகு மட்டக்களப்பு ஓட்டமாவடிக்கு மாற்றினார்கள். "எங்களுக்கு அந்தச் சனத்திலை கோவம் இல்லை" என்றா சித்தி. "கொழும்பிலை இருந்து பாக்கிறவைக்கு இஞ்சை ஆக்கள் இருக்கிறது தெரியேல்லையே, அதுதான்."

குடும்பத்துக்குள் இப்போது ஓடுகிற கதை வேறு. மச்சான் பத்து வருடமாகக் குசினியில் நின்று ஒரு கல்வீடு கட்டுகிற அளவுக்குக் காசு சேர்த்திருக்கிறான். ஒன்றுக்குத்தான் காணும். சித்திக்கு அதைத் தீவில் கட்டவேண்டும். "வெறுங்காணி எண்டால் நாளைக்கு ஆரும் வந்து இஞ்சை ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லுவினம்." அவனுடைய தங்கைக்கு அதை இரணைமாதாநகரில் கட்டவேண்டும். அவளுக்கு மூன்று பிள்ளைகள், மூத்தவளுக்கு அடுத்த வருடம் ஓ.எல். சோதனை. கிழமை நாட்களில் பள்ளிக்கூடத்துக்காக அக்கரையில் ஒரு அறைக்குள், சனி ஞாயிறு தீவில் என்று போட்டில் ஏறி இறங்கியே அவளுடைய இளமை போகிறது. "அம்மா போராடினது சரி. ஆனால் என்ரை பிள்ளை டோர்ச் வெளிச்சத்திலை படிக்கிறதுக்கு நான் போராடேல்லை" என்று என்னிடம் தனியாகச் சொன்னாள். இரண்டு பேரும் அழுததை நான் பார்த்தேன், ஒருவர் முன்னால் ஒருவர் இல்லை.

யார் சரி என்று என்னைக் கேட்டால், தங்கச்சி பக்கம்தான் நிற்பேன். பிள்ளையின் படிப்பு காத்திராது. ஆனால் சித்தியின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. லாச்சப்பலில் நாங்கள் ஒரு நாளும் அப்படி ஒரு கேள்விக்கு முகம் கொடுத்ததில்லை. இங்கே யாரும் எங்கள் வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லி அதைக் கொண்டுபோகப் போவதில்லை.

திரும்பி வந்து இரண்டு கிழமைக்குப் பிறகு மச்சானைக் கண்டேன். முடிவு எடுக்கவில்லை. இப்போதைக்குத் தீவு வீட்டுக்குத் தகரமும், நல்ல பற்றரியும், ஒரு பெரிய தகடும் வாங்கக் காசு அனுப்பியிருந்தான். கல்வீட்டுக்கு என்று வைத்ததில் கை வைத்துத்தான். "ரெண்டு பேருக்கும் கோவம் வராத அளவுக்குச் செய்திருக்கிறன்" என்றான். பிறகு சிரித்துக்கொண்டே, "ரெண்டு பேருக்கும் கோவம்" என்றான்.

போன கிழமை சித்தி வாட்ஸப்பில் குரல் அனுப்பியிருந்தா. பின்னால் காற்றுச் சத்தம். புதுத் தகடு பூட்டியாச்சு, இப்போது நாலு பல்ப் எரியுதாம். பேத்தி சனி ஞாயிறில் வந்தால் இரவு பத்து மணி மட்டும் படிக்கிறாளாம். என் மகள் முருங்கைக்கு ஊற்றின தண்ணியைப் பற்றியும் கேட்டிருந்தா, மரம் பூத்துவிட்டதென்று சொல்லச் சொன்னா. மகள் அதை மூன்று தரம் போட்டுக் கேட்டாள். பிறகு குளிக்கப் போனாள். இருபது நிமிடம்.