இலையில் இடம் இருக்கு, இனிஷியலில் இருக்கா?

போன பொங்கலுக்குச் சிறுமலை போயிருந்தோம். 18 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கினா, சித்தப்பா வீட்டில் 16 பேர். அவருக்கு இது மறுமணம். அவரோட பொண்ணு, சித்தியோட பையன், மூணு பாட்டிகள். இந்தப் பக்கம் பானை பொங்குது, அந்தப் பக்கம் சாம்பார் அடிபிடிக்குது.

பந்தியில் ஒரு பெரியவர் பையன்கிட்ட, "தம்பி, இனிஷியல் என்ன?"னு கேட்டார். அவன் சாப்பிடுறதை நிறுத்திட்டான். அவனைப் பெத்த அப்பா இறந்துட்டார். "என் இனிஷியல்தான்"னு சித்தப்பா சொன்னார்.

சட்டம் என்ன சொல்லுது? இதே மாதிரி மறுமணம் செஞ்ச ஒரு தாயோட வழக்கில், 2022 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: குழந்தையின் குடும்பப் பெயரைத் தாயே முடிவு செய்யலாம். ஆவணத்தில் புதுக் கணவரை 'மாற்றாந்தந்தை'ன்னு போடச் சொன்ன கீழ் உத்தரவையும் கண்டிச்சது.

ஆனா பெயர் வேற, சொத்து வேற. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, சித்தப்பா உயில் எழுதாம போயிட்டா, மனைவியோட முதல் திருமணத்துப் பையன் அவருக்கு மகன்ங்கிற வாரிசு இல்ல. ஒண்ணு உயில் எழுதணும், இல்ல முறைப்படி தத்தெடுக்கணும். தத்தெடுக்க, வழக்கம் வேற மாதிரி இல்லைன்னா, பிள்ளைக்கு 15 வயசு முடிஞ்சிருக்கக் கூடாது.

சாயங்காலம் இதைச் சித்தப்பாகிட்ட சொன்னேன். பையனுக்கு இப்போ 14.