சீருடை அணிந்த சமூகம்: பிரித்தானியத் தொண்டர் படையதிகாரிகளும் அவர்தம் தொழில்களும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த பிரித்தானியப் பிரமுகர்களின் வாழ்க்கை வரலாறுகளைப் படிப்போர் ஒரு செய்தியை அடிக்கடி எதிர்கொள்வர். ஓவியராகவோ நாவலாசிரியராகவோ வழக்குரைஞராகவோ ஆலை முதலாளியாகவோ அறியப்பட்ட ஒருவருக்குக் கப்டன் அல்லது கேணல் என்ற படைத்துறைப் பதவியும் இருந்திருக்கும். அவருட் பலர் போர்க்களத்தைக் கண்ணாலும் கண்டவரல்லர். வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் இதனை ஓய்வுநேரப் பொழுதுபோக்காகக் கருதி ஓரிரு வரிகளில் கடந்து செல்வது வழக்கம். ஆயின் ஒருவரது தொழிலும் அவர் வகித்த படைப் பதவியும் ஒன்றிலிருந்து ஒன்று துண்டிக்கப்பட்டவை அல்ல. சமூகத்தில் அவர் வகித்த இடமே படையில் அவரது இடத்தை நிருணயித்தது. இதனைச் சில எடுத்துக்காட்டுகள் வாயிலாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் தொண்டர் படையின் தோற்றத்தை நோக்குவோம். 1858 சனவரியில் பாரிஸ் நகரில் மூன்றாம் நெப்போலியனைக் கொல்ல ஓர்சினி என்ற இத்தாலியர் முயன்றார். அதற்கான சதி இங்கிலாந்தில் உருவானமையால் பிரெஞ்சுப் படையினரிடையே சினம் மூண்டது. பிரெஞ்சுப் படையெடுப்புப் பற்றிய அச்சம் பிரித்தானியாவில் பரவியது. 1859 மே 12இல் யுத்த அமைச்சர் ஜொனதன் பீல் தொண்டர் அணிகளை அமைக்க அனுமதிக்கும் சுற்றறிக்கையை வெளியிட்டார். 1861 அளவில் 1,60,000க்கும் மேற்பட்டோர் இவ்வணிகளிற் சேர்ந்திருந்தனர்.

அச்சுற்றறிக்கையின் ஒரு நிபந்தனை மனங்கொள்ளத்தக்கது. தொண்டர்கள் ஆயுதத்தையும் சீருடையையும் தம் சொந்தச் செலவிலேயே பெற வேண்டும். சாசன இயக்கத்தினர் 1848 ஏப்ரல் 10இல் கெனிங்ரன் வெளியில் திரண்டதைக் கண்டு ஆளும் வர்க்கம் நடுங்கி அப்போது 11 ஆண்டுகளே கழிந்திருந்தன. தொழிலாளர் கையில் துப்பாக்கி கொடுக்க எவரும் விரும்பவில்லை. அதைத் தடைசெய்யத் தனிச்சட்டம் தேவைப்படவில்லை. சீருடையின் விலையே போதுமானதாயிற்று. அதிகாரி நியமனங்களை 1871 வரை வழங்கியவர்கள் மாவட்டந்தோறும் முடியின் பிரதிநிதிகளாக விளங்கிய பெருங்குடிப் பிரபுக்கள் ஆவர். பல இடங்களில் ஆலை முதலாளி அணியைத் திரட்டிக் கப்டனானார். மேற்பார்வையாளர் சார்ஜன்ற் ஆனார். தொழிற்கூடத்தின் அதிகார ஒழுங்கு பயிற்சி மைதானத்திலும் அப்படியே தொடர்ந்தது.

காலப்போக்கில் நிலைமை ஓரளவு மாறியது. 1863ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், உரிய பயிற்சி பெற்ற ஒவ்வொரு தொண்டருக்கும் ஆண்டுக்கு 20 சிலிங் அரச மானியமாக அணிக்கு வழங்கப்பட்டது. துப்பாக்கிப் பயிற்சியிலும் தேறினால் மேலும் 10 சிலிங் கிடைத்தது. இதனால் கைவினைத் தொழிலாளர் பெருமளவிற் சேர்ந்தனர். ஆயினும் மேல்நிலை மாறவில்லை. வாத்தியக் குழு, பரிசுகள், முகாம் ஆகியவற்றின் செலவிற் பெரும்பங்கை அதிகாரிகளே சுமக்க வேண்டியிருந்தமையால் வசதி படைத்தோரே அப்பதவியை ஏற்க முடிந்தது.

இனி, தனிமனிதர் சிலரை நோக்கலாம். எல்கோ பிரபு இலண்டன் ஸ்கொட்டிஷ் அணியின் தளபதி. 1859இல் அமைந்த தேசிய துப்பாக்கிச் சங்கத்தின் முன்னோடிகளுள் முதன்மையானவர். 1860 யூலை 2இல் விம்பிள்டனில் விக்ரோறியா அரசி முதல் வேட்டைத் தீர்த்துத் தொடக்கிவைத்த போட்டி அச்சங்கத்தினுடையதே. பாராளுமன்றத்தில் இவர் தொழிலாளருக்கு வாக்குரிமையை விரிவாக்கும் 1866ஆம் ஆண்டு மசோதாவை வன்மையாக எதிர்த்தார். ஆனால் இவரே 1867இல் எசமான்–ஊழியர் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றுவதில் முன்னின்றார். ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறையிலிடும் பழைய சட்டத்தின் கடுமையை அது தணித்தது. தண்டனையை அடியோடு நீக்கவில்லை. 1882இல் சுதந்திர, சொத்துப் பாதுகாப்புக் கழகத்தை நிறுவியவரும் இவரே. தொழிலாளி துப்பாக்கி ஏந்தலாம், கருணைக்கும் உரியவன். ஆனால் ஆட்சியிற் பங்குகொள்ளலாகாது என்பதே இவரது நிலைப்பாடு.

இதற்கு மாறான போக்கைத் தோமஸ் ஹியூஸ் காட்டுகிறார். ‘ரொம் பிறவுணின் பள்ளி நாட்கள்’ (1857) என்ற நாவலின் ஆசிரியராகவே அவர் பெரிதும் அறியப்படுகிறார். வழக்குரைஞராகவும், பாராளுமன்ற உறுப்பினராகவும், பின்னர் மாவட்ட நீதிபதியாகவும் விளங்கிய கிறித்தவ சோசலிசவாதி அவர். 1854இல் இலண்டனில் தொடங்கப்பட்ட தொழிலாளர் கல்லூரியின் மாணவரைக் கொண்டு 19ஆவது மிடில்செக்ஸ் அணியைத் திரட்டித் தலைமை தாங்கினார். தொழிற்சங்கங்கள் பற்றி ஆராய 1867இல் நியமிக்கப்பட்ட அரச ஆணைக்குழுவில் எல்கோ, ஹியூஸ் ஆகிய இரு தொண்டர் தளபதிகளும் ஒருங்கே அமர்ந்தனர். எல்கோ பெரும்பான்மையோருடன் நின்றார். சங்கங்களுக்குச் சாதகமான சிறுபான்மை அறிக்கையில் ஒப்பமிட்ட மூவருள் ஹியூஸ் ஒருவர். 1871ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் பெரிதும் அவ்வறிக்கையைத் தழுவியே அமைந்தது. ஒரே சீருடையை அணிந்தவர்கள் எல்லோரும் ஒரே அரசியலை உடையோர் என்று கொள்வது வாய்பாட்டுவாதமாகும்.

கலைத்துறையிலும் இத்தகைய பிரிவைக் காணலாம். 1860இல் உருவான கலைஞர் துப்பாக்கி அணியில் ஓவியரும் கவிஞரும் சிற்பிகளும் சேர்ந்தனர். பிரெட்ரிக் லெய்ற்றன் 1869இலிருந்து 1883 வரை அதற்குத் தலைமை வகித்தார். 1878இல் அரச கலைக்கழகத்தின் தலைவரானார். 1896இல் பிரபுப் பட்டம் பெற்ற முதல் ஆங்கில ஓவியரானார். அதே அணியில் தொடக்க காலத்தில் சாதாரண உறுப்பினராகப் பயிற்சி பெற்றவர் வில்லியம் மொரிஸ். லெய்ற்றன் தலைமைப் பதவியைத் துறந்த அதே 1883இல் மொரிஸ் சனநாயகச் சம்மேளனத்திற் சேர்ந்து சோசலிசத்தைத் தழுவினார். 1887 நவம்பர் 13இல் ட்ரபல்கார் சதுக்கத்தை நோக்கிச் சென்ற ஊர்வலத்தில் மொரிஸ் நடந்தபோது பொலிசாரும் நிரந்தரப் படையினரும் அதனைச் சிதறடித்தனர். அழகை நேசித்த இரு கலைஞர்கள் ஒரே அணியிலிருந்து எதிரெதிரான இரு வழிகளிற் சென்றனர். ஒருவர் நிறுவனத்தின் சிகரத்தை அடைந்தார். மற்றவர் அந்நிறுவனங்களைத் தாங்கிநின்ற சமூக அமைப்பையே கேள்விக்குட்படுத்தினார்.

அரச இயந்திரத்துடன் இப்படைக்கிருந்த நெருக்கத்தை ஹவார்ட் வின்சென்ற் புலப்படுத்துகிறார். இளமையில் நிரந்தரப் படையிலிருந்து விலகி வழக்குரைஞரான அவர், 1878இல் இலண்டன் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் முதற் பணிப்பாளரானார். 1885இல் பாராளுமன்றம் புகுந்தார். 1884 முதல் 20 ஆண்டுகள் குவீன்ஸ் வெஸ்ற்மினிஸ்ரர் தொண்டர் அணிக்குத் தலைமை தாங்கினார். அந்நியர் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் 1905ஆம் ஆண்டுச் சட்டத்திற்காக வாதிட்டோருள் அவரும் ஒருவர். சட்டமும் பொலிசும் பாராளுமன்றமும் படையும் ஒரே மனிதரிற் சந்தித்தன.

இப்படையை அதன் காலத்திலேயே கூர்ந்து ஆராய்ந்தவர் பிரெட்ரிக் ஏங்கெல்ஸ் என்பது நம்மிற் பலர் கவனியாத செய்தி. மன்செஸ்ரரில் பருத்தி வணிக நிறுவனத்திற் பணிபுரிந்துகொண்டே லங்காசயர், செசயர் தொண்டர்களுக்கான இதழில் 1860 முதல் அவர் எழுதிய கட்டுரைகள் 1861இல் நூலாகவும் வெளிவந்தன. பிரஷ்யப் பீரங்கிப் படையிற் பயிற்சி பெற்று, 1849இல் பாடன் எழுச்சியிற் போரிட்ட அவர், தொண்டர்களை ஏளனஞ் செய்யவில்லை. போதிய பயிற்சியற்ற அதிகாரிகளே இப்படையின் பெருங்குறை என்பது அவரது கணிப்பு. செல்வமும் அந்தஸ்தும் பதவியைத் தரலாம். அப்பதவிக்குரிய அறிவைத் தரமாட்டா.

1908இல் தொண்டர் படை பிரதேசப் படையாக மாற்றியமைக்கப்பட்டது. முதலாம் உலகப் போரில் கலைஞர் அணி அதிகாரிகளைப் பயிற்றும் நிலையமாயிற்று. 1915இல் அதிற் சேர்ந்து மறு ஆண்டு அதிகாரியான கவிஞர் வில்பிரட் ஓவன், போர் முடிய ஒரு வாரமே இருக்கையில், 1918 நவம்பர் 4இல் களத்தில் மாண்டார். போரின் பொய்ம்மையைத் தோலுரித்த கவிதைகளை அவர் விட்டுச்சென்றார்.

இவ்வமைப்பு குடியேற்ற நாடுகளிற் பெற்ற வடிவத்தையும் நோக்குதல் அவசியம். பிரித்தானியாவில், உள்நாட்டுக் கலகங்களை அடக்கத் தொண்டர்களைப் படையணியாகப் பயன்படுத்துவதில்லை என்பது பொதுவிதியாயிருந்தது. இலங்கையிலோ, மலையகத்துத் தோட்டத்துரைமார் தமக்கென ஐரோப்பியர் மட்டுமே கொண்ட துப்பாக்கி அணியை வைத்திருந்தனர். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது படைத்துறைச் சட்டத்தை நடைமுறைப்படுத்த ஐரோப்பியத் தொண்டர்கள் ஈடுபடுத்தப்பட்டனர். கொழும்பு நகரக் காவற்படையின் கப்டனாயிருந்த ஹென்றி பேதிரிஸ் என்ற இலங்கையர் அதே ஆண்டு யூலை 7இல் சுட்டுக் கொல்லப்பட்டார். இக்கொடுமைகளைப் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையிலும், 1916இல் இலண்டனில் வெளியிட்ட நூலிலும் கண்டித்தார். வர்க்க வேறுபாட்டுடன் இன வேறுபாடும் சேர்ந்தபோது சீருடை எவரைக் காத்தது, எவரைக் கைவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எனவே, ஒரு பிரமுகரின் வரலாற்றில் ‘தொண்டர் படைக் கேணல்’ என்ற குறிப்பைக் காணும்போது அதை அலங்காரமாகக் கொள்ளாது, அவர் யாரைத் திரட்டினார், யாருடைய பணத்தில், யாருடைய நலனுக்காக என்று வினவுதல் வேண்டும். அவ்வினாக்களுக்கு விடைகாணும்போதே எல்கோவையும் ஹியூசையும், லெய்ற்றனையும் மொரிசையும் வேறுபடுத்தி அறிதல் சாத்தியமாகும்.