"வீட்டில் யாருக்குக் காய்ச்சல்?" ரொட்டி வாங்கினால் வரும் கேள்வி!

திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் ஒரு ரொட்டிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்து பாருங்கள். தெரிந்தவர் யாராவது நிச்சயம் நிறுத்திக் கேட்பார்:

"என்னங்க, வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

நம் ஊரில் ரொட்டிக்கு அப்படி ஒரு பெயர்! காய்ச்சல்காரருக்குப் பாலில் நனைத்துக் கொடுப்பது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர்கள் பையில் எடுத்துப் போவது. சோறுதான் சாப்பாடு. ரொட்டி பத்தியம்!

ஆனால் நம் ஊர் வழியாக மாமல்லபுரம் போகிறாரே வெளிநாட்டுக்காரர், அவருக்கு அதுதான் சோறு.

மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். ரொட்டிக்கு இந்த நாலும் போதும். ஆனால் நாட்டுக்கு நாடு எத்தனை மாற்றம்!

தடி ரொட்டி

பிரான்ஸ் நாட்டு ரொட்டியின் பெயர் 'பகெத்'. தடி என்று பொருள். உருவமும் அப்படியே. எடை சுமார் 250 கிராம். வெளியே மொறுமொறு, உள்ளே மெத்து. மறுநாள் விறகு மாதிரி ஆகிவிடும். அதனால் அன்றன்றைக்கு வாங்குகிறார்கள். இதைச் செய்யும் கைப்பக்குவத்தை 2022-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இந்தத் தடி ரொட்டியைப் பார்க்கப் பாரீசுக்குப் போக வேண்டாம். புதுச்சேரிக்கு பஸ் ஏறினால் போதும். 1954-ல் பிரெஞ்சு ஆட்சி போனது. ரொட்டி போகவில்லை!

ஜெர்மனியில் ரொட்டி கறுப்பு, லேசாகப் புளிக்கும், கையில் எடுத்தால் கனக்கும். அங்கே 3 ஆயிரத்துக்கும் அதிகமான ரொட்டி வகைகள் பதிவாகி உள்ளன. ராத்திரிச் சாப்பாட்டுக்கே 'மாலை ரொட்டி' என்றுதான் பெயர்!

யாழ்ப்பாணத்துப் பாண்

தமிழர்களே ரொட்டியைச் சாப்பாடாக வைத்திருக்கும் இடமும் உண்டு. அது இலங்கை. அங்கே அதன் பெயர் 'பாண்'. போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். ஜப்பான்காரர்களும் 'பான்' என்றே சொல்கிறார்கள். மும்பை 'பாவ்' கூட அதே வழியில் வந்ததுதான்.

450 கிராம் பாண் ஒன்று, தேங்காய்ச் சம்பல், பருப்பு. ஒரு குடும்பத்தின் காலைப் பசி தீர்ந்தது. ஆட்டோவில் பாட்டுப் போட்டபடி பாண் தெருவுக்கே வருகிறது. யாரும் "காய்ச்சலா?" என்று கேட்பதில்லை.

2022 நெருக்கடியில் மாவு விலை ஏறியது. பாண் விலை தாவியது. பணக்காரர் வேறு பலகாரம் தேடிக்கொள்வார். கூலிக்காரர் என்ன செய்வார்? அடி விழுந்தது அவர் வயிற்றில்தான்.

ஆட்சி ஆடியது!

எகிப்தில் ரொட்டிக்குப் பெயர் 'ஐஷ்'. உயிர்வாழ்வு என்று பொருள்! 1977 ஜனவரியில் அதிபர் சதாத்தின் அரசு மாவு முதலான உணவுப் பொருள்களுக்குத் தந்த மானியத்தைக் குறைத்தது. மக்கள் தெருவுக்கு வந்தார்கள். கலவரம் வெடித்தது. இரண்டே நாளில் அரசு பின்வாங்கியது. நமக்கு அரிசி எப்படியோ, அவர்களுக்கு ரொட்டி அப்படி.

வாங்கும் முன்...

நம் நாட்டிலும் 1965-ல் மத்திய அரசே 'மாடர்ன்' ரொட்டிக் கம்பெனி தொடங்கியது. 2000-ல் அதைத் தனியாருக்கு விற்றது. இன்று ரொட்டி பெட்டிக்கடை வரை வந்துவிட்டது. அவசரத்துக்கு ஆபீஸ் போகிறவர்களும் அதைத்தான் நம்புகிறார்கள்.

அதனால் கொஞ்சம் கவனம் வேண்டும். பழுப்பாக இருப்பதெல்லாம் முழுக் கோதுமை ரொட்டி அல்ல. நிறம் சேர்த்தும் பழுப்பாக்கலாம். உறையைத் திருப்பிப் பாருங்கள். எது அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் இருக்கும். 'மைதா' என்று தொடங்கினால் அது மைதா ரொட்டிதான். தேதியையும் பாருங்கள். ரொட்டி உப்பச் சேர்த்துவந்த பொட்டாசியம் புரோமேட்டுக்கு 2016-ல் தடை வந்துவிட்டது.

இனி யாராவது வழி மறித்து, "யாருக்குக் காய்ச்சல்?" என்று கேட்டால் தயங்காதீர்கள்.

"காய்ச்சல் இல்லீங்க, பசி!" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.