பாயிண்டில் முதலிடம், கோப்பை வேறு ஒருவருக்கு!
கோல்ப் ஆட்டத்தில் விசித்திர விதி

அமெரிக்க பி.ஜி.ஏ. தொடரில் கோல்ப் வீரர்கள் சீசன் பூரா பாயிண்டு சேர்க்கிறார்கள். சாதாரண போட்டியில் ஜெயித்தால் 500 பாயிண்டு. 2007-ல் தொடங்கிய இதற்குப் பெயர், பெடெக்ஸ் கோப்பை.

70, 50, 30

சீசன் முடிவில் 3 போட்டிகள். முதலாவதில் 70 பேர். பாயிண்டு குறைந்தவர்கள் "அவுட்". அடுத்ததில் 50 பேர். அட்லாண்டாவில் நடக்கும் இறுதிப்போட்டிக்கு 30 பேர்தான்!

சலுகை போச்சு

2019 முதல் 2024 வரை, பாயிண்டில் முதலிடம் பிடித்தவர் இறுதிப்போட்டியை 10 ஷாட் சலுகையோடு தொடங்கினார். 2025-ல் அந்தச் சலுகை ரத்து. 30 பேருக்கும் ஒரே கோடு!

அந்த வருடம் பாயிண்டில் முதலிடம் அமெரிக்க வீரர் ஷெப்லருக்கு. கோப்பையைத் தட்டிச் சென்றவரோ இங்கிலாந்து வீரர் பிளீட்வுட். இந்தத் தொடரில் அதுவரை ஒரு போட்டியில்கூட ஜெயிக்காதவர்! 164-வது முயற்சியில் முதல் வெற்றி. பரிசு 1 கோடி டாலர்.

சேர்த்த பாயிண்டெல்லாம் அட்லாண்டா வாசல் வரைதான். உள்ளே போய்விட்டால் 4 நாள் ஆட்டமே கணக்கு!